கதவைச் சாத்து கண்ணா, நாலாம் பாகம்

உக்காருங்க சார், உக்காருங்க. அந்தத் துண்டு என்னுதுதான். யாரும் வரலை, சும்மா பழக்கத்துல போட்டது. எந்த பஸ்ல ஏறினாலும் ஜன்னலோரம் நான், பக்கத்து சீட்டுல துண்டு. கூட ஒருத்தன் வருவான். டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு, வண்டி நகர்றப்பதான் ஓடி வந்து ஏறுவான். அவனுக்குப் போட்டுப் போட்டு, ஆள் இல்லாதப்பவும் கை தானா துண்டைப் போடுது.

நீங்க திண்டுக்கல்லா? நானும் டிக்கெட் திண்டுக்கல்லுக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா எறங்க வேண்டியது மணப்பாறையில.

குழப்பம் ஒண்ணும் இல்லை சார். மணப்பாறையில எறங்கணும்னுதான் போன தடவையும் வந்தேன், அதுக்கு முந்தின தடவையும் வந்தேன். எறங்கலை. வண்டி பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு, நானும் உக்காந்திருந்தேன், வண்டி கிளம்பிடுச்சு. டிக்கெட் முடிஞ்சு போச்சே பெரியவரேன்னு கண்டக்டர் சத்தம் போட்டாரு. பெரியவராம். தலை நரைச்சா பெரியவர் ஆயிடுவாங்களா? அதான் இந்தத் தடவை முன்னெச்சரிக்கையா திண்டுக்கல் வரைக்கும் எடுத்துட்டேன். எறங்கினா எறங்கறேன், இல்லாட்டி உங்ககூடவே வந்துடறேன்.

மடியில இருக்கறது எள்ளுப்பொடி. வீட்டுக்காரி கொடுத்தனுப்பினா. மணப்பாறையில ஒருத்தன்கிட்ட சேக்கணும். அவ்வளவுதான் வேலை.

என் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும். எல்லாரும் சொல்லுவாங்க, எங்கன்னு யாருக்கும் தெரியாது. பேரு தணிகாசலம், சாலிகிராமத்துல டப்பிங் பேசறேன். சீரியல்ல மாமனார் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயறதுக்கு முன்னாடி ஒரு இருமல் இருமுவாரு பாருங்க, அந்த இருமல் என்னுது. வில்லனுக்குப் பின்னாடி நிக்கிறவன் "பாஸ், தப்பிச்சுட்டான் பாஸ்"னு சொல்லுவான், அதுவும் என்னுது. இருபது வருஷத்துக்கு மேல பேசியாச்சு. என் முகத்தைப் பாத்து ஒருத்தர் வணக்கம் சொன்னதில்லை.

நான் சொன்ன ஆளும் டப்பிங்தான். இன்னாசிமுத்து. ஊரு மணப்பாறை. ரெண்டு பேரும் மெட்ராஸ் தீவுத்திடல் பொருட்காட்சியில மைக் பிடிச்சு ஆரம்பிச்சவங்க. நான் அப்பளக் கடைக்கு விளம்பரம் சொல்லுவேன், அவன் காணாமப் போனவங்களைக் கூப்பிடுவான். கூட்டத்துல தவறிப்போன கொழந்தை, மனுசனைத் தொலைச்ச கெழவி, இப்படி. "இன்னார் எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரவும், அவருடைய தாயார் காத்திருக்கிறார்." ஒறவைச் சொல்லாம யாரையும் கூப்பிட மாட்டான். பேரை மட்டும் சொன்னா ஆளு நடந்து வருவான் தணி, ஒறவைச் சொன்னா ஓடி வருவான்பான். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கலை. கேட்டா சிரிப்பான், டீ சொல்லுவான்.

யாருன்னா, கூட வேலை பாக்கறவன் சார். வேற என்ன சொல்றது. கூட வேலை பாக்கறவன்.

சரி, விஷயத்துக்கு வரேன். கொஞ்சம் கிட்ட வாங்க, முன் சீட்டுல லேடீஸ் இருக்காங்க. ஒரு வெளிநாட்டுப் படம். ஒரு படம் இல்லை, வரிசையா நாலு. செல்போன்ல, டிவியில காசு கட்டிப் பாக்கறாங்களே, அதுல வர்றது. தமிழ்ல அதுக்குப் பேரு "கதவைச் சாத்து கண்ணா". ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வசனம் எழுதி எங்களைப் பேச வைக்கிற கோதை மேடம் வெச்ச பேரு. ஏன்னா அந்தப் படத்துல எவனும் கதவைச் சாத்த மாட்டான். நேரங்கெட்ட நேரத்துல எவனாவது உள்ள வருவான். தபால்காரன் வருவான், மாமியார் வருவா, ஒரு தடவை பாதிரியாரே வந்துட்டாரு. இவனுங்க போர்வையைத் தேடிக்கிட்டு ஓடுவானுங்க.

இவனுங்கன்னா, ஆமா, ரெண்டும் ஆம்பளைங்கதான். மார்க்கோ, ரஃபேல். ஒருத்தன் ஓட்டல் வெச்சிருக்கான், இன்னொருத்தன் பேக்கரி. கோதை மேடம் அதுக்குத் தன்பாலீர்ப்புன்னு அழகா ஒரு வார்த்தை சொல்லுவாங்க. என் வாயில நுழையவே நாளாச்சு. எனக்கு மார்க்கோ, இன்னாசிக்கு ரஃபேல்.

மொத நாளு திரையில படம் ஓடுது. லிஃப்ட்டுல ரெண்டு பேரும் மாட்டிக்கிறாங்க. கரண்ட் வர்றதுக்குள்ள சட்டையில பாதி பொத்தான் இல்லை. நான் மைக்கை விட்டுத் தள்ளி நின்னுக்கிட்டேன். மேடம், நான் கோயில் உற்சவத்துக்கெல்லாம் அறிவிப்பு சொல்றவன்னேன். இன்னாசிதான் ஹெட்போனை எடுத்து என் தலையில மாட்டிவிட்டான். "தணி, காதல்தானே பேசறோம். கொலைகாரனுக்கெல்லாம் பேசினியே, அப்ப கூசுச்சா?" நியாயமாத்தான் இருந்துச்சு.

இப்பல்லாம் டப்பிங்ல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க சார். நான் காலையில போய் என் பங்கைப் பேசுவேன், நீங்க சாயங்காலம் வந்து உங்க பங்கைப் பேசுவீங்க, கம்ப்யூட்டர் சேத்து வெச்சுடும். புருஷன் ஒரு நாள் அழுவான், பொண்டாட்டி மறுநாள் ஆறுதல் சொல்லுவா. நாங்க ரெண்டு பேரு மட்டும் பழைய ஆளுங்க, ஒண்ணா நின்னுதான் பேசுவோம்னு அடம் பிடிச்சோம். எதிராளி மூச்சு காதுல விழுந்தாத்தான் நம்ம மூச்சு சரியா வரும். அந்த மாதிரி படத்துல பேச்சைவிட மூச்சுதான் ஜாஸ்தி, உங்களுக்குப் புரியும்.

முத்தம் எப்படிக் கொடுப்போம்னு நெனைக்கிறீங்க? அவங்கவங்க கையிலதான். இதோ, இந்தப் புறங்கையில. உள்ளங்கையில கொடுத்தா பச்சக்குன்னு கொழந்தைக்குக் கொடுக்கற மாதிரி விழும். புறங்கைதான் சரி. மூணு படம் நான் என் கையை மோந்துக்கிட்டு நின்னேன், அவன் அவன் கையை மோந்துக்கிட்டு நின்னான். வெளியில இருந்து பாத்தா ரெண்டு கிறுக்கனுங்க.

மொத படம் நல்லா ஓடுச்சு. இன்னாசியை வீட்டுக்குக் கூப்பிட்டு, மரகதம், அதான் என் வீட்டுக்காரி, மூணு பேரும் உக்காந்து பாத்தோம். எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. முடிஞ்சதும் என்ன சொன்னா தெரியுமா? "நீங்க ரெண்டு பேரும் இங்க கூடத்துல உக்காந்து பேசிக்கிற மாதிரியேதான் இருக்கு." நாங்க பேசறது சீட்டாட்டம், தண்ணி லாரி, இவனோட சர்க்கரை, என்னோட முட்டிவலி. இதுல என்னத்தைக் கண்டாளோ.

ஒண்ணு சொல்றேன், அந்த மார்க்கோவை எனக்குப் பிடிக்காது. குரல் கொடுக்கறேன்தான், ஆனா பிடிக்காது. மடையன் சார். ரஃபேல் ரொட்டி சுட்டுக் கொண்டாறான், சட்டைக்குப் பொத்தான் தெச்சுக் கொடுக்கறான், ஜுரம் வந்தா கால் பிடிச்சு விடறான். இவன் என்னடான்னா, நாம ஃப்ரெண்ட்ஸ், ஜாலியா இருக்கோம்னு சொல்லிட்டு அடுத்த அறைக்குப் போயிடறான். பாக்கற எல்லாருக்கும் மொத படத்துலயே தெரிஞ்சு போச்சு, அவன் இவன்மேல உசுரையே வெச்சிருக்கான்னு. இவனுக்குப் புரியறதுக்கு நாலு படம் எடுக்க வேண்டியிருக்கு. எதிர்ல நிக்கிறவன் மனசு தெரியாத மனுசன் இருந்து என்ன, போயி என்ன. இதை இன்னாசிகிட்டயே நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "ஆமா தணி, மடையன்தான்"பான். சொல்லிட்டு டீ சொல்லுவான். இன்னொண்ணு, என் சட்டைப் பொத்தானெல்லாம் அவன்தான் தெப்பான். ஊசி நூல் எப்பவும் பர்ஸ்ல இருக்கும். நல்ல பழக்கம் அது.

இனாம்குளத்தூர் தாண்டிட்டோமா? சரி சரி. இன்னும் நேரம் இருக்கு.

மூணாவது படத்துலதான் வந்துச்சு வெனை. அதுல கடைசியில ஒரு இடம். படம் முழுக்கக் கூத்து, அந்த ஒரு இடம் மட்டும் கூத்து இல்லை. ரஃபேலுக்கு அலுத்துப்போச்சு. விடியக்காலம், மார்க்கோ தூங்கறான். இவன் பெட்டியை எடுத்துக்கிட்டு, கதவுகிட்ட போயி, திரும்பி வந்து, தூங்கறவன் கன்னத்துல ஒரு முத்தம் கொடுத்துட்டுப் போறான். கதவை மொத மொறையா சத்தமில்லாம சாத்திட்டுப் போறான். எனக்கு அங்க வசனம் கிடையாது. தூங்கற மூச்சு மட்டும். நான் கண்ணை மூடிக்கிட்டு, மைக் ஸ்டாண்டு மேல கையை வெச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறேன்.

இன்னாசி என் கையை எடுத்தான் சார். எடுத்து, இதோ, இங்க. அவன் கையில கொடுக்க வேண்டியதை என் கையில கொடுத்தான்.

நான் கண்ணைத் திறக்கலை. டேக் ஓடிக்கிட்டிருக்கு, திறந்து பேசினா வீணாயிடும். மூச்சை விட்டுக்கிட்டே நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதை மேடம் ரெக்கார்டிங்கை நிறுத்தாம ஓட விட்டாங்க. அப்புறம் மெதுவா, "போதும் சார், இதுவே இருக்கட்டும்"னாங்க. அந்த சத்தம் அப்படியே படத்துல இருக்கு. வேணும்னா போட்டுப் பாருங்க. என் கை சார் அது.

வெளிய வந்தோம். டீக்கடையில எல்லாரும் நிக்கிறாங்க, எடிட்டிங் பசங்க, சீரியல் ஆளுங்க. நான் சும்மா இருப்பேனா, கலகலப்பா ஒண்ணு சொன்னேன். "நம்ம ரஃபேலுக்கு மத்தியானமே கண்ணு தெரியலைப்பா. என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்துட்டான். சோப்பு இருக்கா, கழுவிட்டு வரேன்." சொல்லிட்டு நெஜமாவே கொழாய்க்குப் போயி, தேய் தேய்னு தேச்சுக் கழுவினேன். எல்லாரும் சிரிச்சாங்க. விசிலடிச்சான் ஒருத்தன். இன்னாசியும் சிரிச்சான். நான் பாத்தேன், சிரிச்சான். சிரிச்சுட்டு டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டான். பாதி டீ அப்படியே இருந்துச்சு. டீயை மீதி வெக்கிற ஆளே இல்லை அவன். சர்க்கரை ஏறிடுச்சுபோலன்னு நெனச்சேன்.

மறுநாள் மேடம் சொல்றாங்க, இன்னாசி சார் இனிமே தனியாப் பேசறாராம், நீங்க காலையில வாங்கன்னு. என்னான்னு போன் பண்ணா எடுக்கலை. மூணாவது படம் முடிஞ்சுது. ரூமைக் காலி பண்ணிட்டான். ஊருக்குப் போயிட்டான், அக்கா வீட்டு மாடியில இருக்கான்னு மூணாம் மனுசன் சொல்லித்தான் எனக்குத் தெரியுது.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்? வெளையாட்டுக்குச் சொன்னது சார். நாலு பேரு நிக்கிற எடத்துல வேற எப்படிச் சொல்றது? அதுக்காக ஒருத்தன் ஊரை விட்டுப் போவானா? இத்தனை வருஷம் பழகினவன் மூஞ்சிக்கு நேரா ரெண்டு திட்டுத் திட்டிட்டுப் போகக் கூடாதா? சொன்னா வெக்கம், அழுதா துக்கம்னு ஆயிடுச்சு என் பொழப்பு. எவன்கிட்ட சொல்றது இதை. உங்களை இனிமே பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

இல்லை இல்லை, கையில ஒண்ணும் இல்லை. அரிப்பு. தேச்சுக்கிட்டே இருக்கேன்னு வீட்லயும் சொல்றாங்க.

நாலாவது படம் வந்துச்சு. இன்னாசி வர மாட்டேன்னுட்டான், வேற ஒருத்தரை வெச்சாங்க. நல்ல குரல், குத்தம் சொல்ல முடியாது. அவரு தனியாப் பேசிட்டுப் போயிட்டாரு. என் பங்குக்கு நான் போனேன். அதுல மார்க்கோவுக்கு ஒரு வழியா புத்தி வந்து, ரஃபேல் இருக்கற ஊருக்குத் தேடிப் போறான். வீட்டுக் கதவு சாத்தியிருக்கு. மூணு படமா தொறந்தே கெடந்த கதவு, இப்ப சாத்தியிருக்கு. இவன் வெளிய நின்னு சொல்லணும். "கதவைத் திற. நான்தான்." அவ்வளவுதான் வசனம்.

வரலை சார். அந்த மூணு வார்த்தை எனக்கு வரலை. சொல்லிப் பாக்கறேன், கேஸ் சிலிண்டர் போடறவன் கூப்பிடற மாதிரி இருக்கு. அழுதுகிட்டு சொன்னா நாடகமா இருக்கு. காலையில போனவன், மத்தியானம் சாப்பிடலை. கடைசியில மேடம்கிட்ட சொன்னேன், மூணாவது படத்துல அந்த விடியக்கால சீன் இருக்கே, அதுல இன்னாசி பங்கை மட்டும் என் காதுல போடுங்க, எதிராளி மூச்சு இருந்தாத்தான் எனக்கு வரும்னு. போட்டாங்க. அவன் நடக்கறது, நிக்கிறது, மூச்சை இழுக்கறது, அப்புறம் அந்த சத்தம். எல்லாம் கேட்டுது. கேட்டுக்கிட்டே சொன்னேன். ஒரே டேக்.

டெக்னிக் சார் அது. தொழில் தெரிஞ்சவனுக்குப் புரியும். ஆனா மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாங்க. "சார், ஒரு நடை மணப்பாறைக்குப் போயிட்டு வாங்க"ன்னாங்க. படமே முடிஞ்சுபோச்சே, இனிமே எதுக்கும்மான்னேன்.

நீங்களும் அதையே கேக்கறீங்க பாருங்க. படம் முடிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்குப் போறீங்கன்னு. அதான் சொன்னேனே, எள்ளுப்பொடி.

இன்னாசிக்கு இப்ப மணப்பாறை பஸ் ஸ்டாண்டுலதான் வேலை. மைக் ரூம்ல உக்காந்து விளம்பரம் சொல்றான், எந்த வண்டி எங்க நிக்குதுன்னு சொல்றான், காணாமப் போனவங்களைக் கூப்பிடறான். ஆரம்பிச்ச எடத்துக்கே போயிட்டான். மொத தடவை நான் வந்தப்ப, எறங்கலாம்னு எழுந்தேன். அவன் குரல் கேட்டுச்சு. யாரோ ஒரு கெழவரைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தான், அவருடைய மனைவி காத்திருக்கிறார்னு. அப்படியே உக்காந்துட்டேன். வண்டி நின்ன வரைக்கும் கேட்டேன், வண்டி கிளம்புச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். குரலைக் கேட்டாச்சு, மனசு நிறைஞ்சுடுச்சு, அப்புறம் எதுக்கு எறங்கணும்னு நெனச்சுக்கிட்டேன். திண்டுக்கல்ல எறங்கினப்ப பாத்தா மனசு நிறைஞ்ச மாதிரி இல்லை. ராத்திரி பூரா தூக்கம் இல்லை.

மரகதத்துக்குத்தான் கோவம். எங்களுக்குள்ள சண்டையெல்லாம் கிடையாது சார். பேச்சும் அதிகம் கிடையாது. சோறு போடுவா, சாப்பிடுவேன். நேத்து எள்ளை வறுத்துக்கிட்டே சொன்னா, "உங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு அலுப்பா இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க வீட்ல சிரிச்சது அவரு வந்தப்ப மட்டும்தான். இந்தத் தடவை ஒண்ணு அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க, இல்லை அங்கயே இருந்துக்குங்க. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்." அவளும் பாவம், முப்பது வருஷம் இந்த மூஞ்சியைப் பாத்திருக்கா. அலுக்காம என்ன செய்யும். கேட்டப்ப எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அவ அழலை. பொடியை டப்பாவுல அழுத்தி அழுத்தி ரொப்பினா, "இது அவருக்குப் பிடிக்கும்"னா.

இப்பகூட திருச்சியில ஏறினதும் போன் பண்ணா. எந்த பஸ்ஸு, என்ன கலரு, எத்தனை மணிக்கு மணப்பாறை போகும்னு கேட்டா. எதுக்குடி உனக்குன்னேன். சும்மான்னா.

வந்துடுச்சா? இதுவா ஸ்டாண்டு? ஆமா. முறுக்குக்காரன் ஏறிட்டானே.

கொஞ்சம் இருங்க சார், கேப்போம். விளம்பரம் போயிக்கிட்டிருக்கு. ஜவுளிக்கடை. அவன்தான். குரல் கொஞ்சம் கம்மியிருக்கு, சளி பிடிச்சிருக்கும். சுக்கு போட்டுக் குடிக்க மாட்டான், சொல்றதுக்கு ஆள் வேணும். இல்லை சார், எறங்கலை. அஞ்சு நிமிஷம் நிக்கும். கேட்டுட்டு அப்படியே போயிடலாம். திண்டுக்கல்ல நல்ல ஓட்டல் எதுன்னு சொல்லுங்க, சேந்து சாப்பிடுவோம். இந்த டப்பாவை வேணா நீங்களே வெச்சுக்குங்க.

என்ன?

இருங்க. பேசாதீங்க.

"சென்னை சாலிகிராமத்திலிருந்து வந்திருக்கும் தணிகாசலம் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்." என் பேரு சார். என்னைக் கூப்பிடறான். மரகதம் சொல்லியிருக்கா. மைக்ல, ஊருக்கே கேக்கற மாதிரி. "அவருக்காக, அவருடைய..."

நிறுத்திட்டான். பாத்தீங்களா, நிறுத்திட்டான். ஒறவைச் சொல்லாம கூப்பிட மாட்டானே. என்ன சொல்லுவான். மைக் ஓடிக்கிட்டிருக்கு, மூச்சு கேக்குது. அவன் மூச்சு.

"அவரைச் சேர்ந்தவர் இங்கே காத்திருக்கிறார்."

கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கள்ல? நானா நெனச்சுக்கலையே. திரும்பச் சொல்றான் பாருங்க. அவரைச் சேர்ந்தவர்.

யாருன்னு கேட்டீங்களே சார். அதுதான்.

கண்டக்டர் விசில் ஊதிடுவாரு, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. அந்த டப்பாவைக் கொடுங்க. துண்டையும் எடுத்துக்கறேன். நீங்க ஜன்னலோரம் வந்துடுங்க, காத்து நல்லா வரும்.